பொதிகைக் காட்டில் ஓர் அமாவாசைக் குடில்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரைச் சுற்றியுள்ள தலங்களின் பெயர்களைக் கூர்ந்து கேட்டால் ஒரு வியப்பு எழும். திருச்சாய்க்காடு, திருவெண்காடு, தலைச்சங்காடு எனப் பல பெயர்கள் காடு என்றே முடிகின்றன. தெற்கே கடலோரமாகச் சென்றால் திருமறைக்காடு. சாயாவனம் என்று இன்று வழங்கும் திருச்சாய்க்காட்டில் ‘சாய்’ என்பது ஒருவகைக் கோரை. திருவெண்காடு வடமொழியில் சுவேதாரண்யம். கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரே நாளில் ஐந்து காலமும் தரிசிக்க வேண்டிய பஞ்ச ஆரண்யத் தலங்கள் உண்டு. திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம்.

காடு என்ற பெயர் நின்றது, காடு நிற்கவில்லை. வனங்கள் வயல்களாயின, வயல்கள் சோறு தந்தன. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. முல்லைவனத்தில் ஒரு முல்லைக்கொடியும் வன்னிவனத்தில் ஒரு வன்னி மரமுமாகத் தல விருட்சம் மட்டும் பிராகாரத்தின் ஓரத்தில் கம்பி வேலிக்குள் இருக்கிறது. ஆனால், மரத்தடியில் அமர்ந்திருந்த இறைவனை நாடிக் காட்டுக்குள் சென்று, அங்கேயே இரவு தங்கி வழிபட்ட நம் முன்னோரின் பழக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதை டெல்டாவில் எந்தக் கோயிலிலும் இன்று காண இயலாது. அதைக் காண விரும்பும் அன்பர்கள் தென்கோடியில் பொதிகை மலைக்குப் போக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில், களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே எழுந்தருளியிருக்கிறார் சொரிமுத்து ஐயனார்.

பூம்புகார்க்காரர்களுக்கு ஐயனார் புதியவர் அல்லர். சாத்தன் என்பது அவருடைய பழம்பெயர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தோழி தேவந்தியின் கணவனாக மனித உருவில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, பின் தன் கோட்டத்துக்கு வா என்று சொல்லி மறைந்தவன் புகார் நகரத்துப் பாசண்டச் சாத்தனே. அந்நகரின் நாளங்காடியைக் காத்து நின்ற பூதமும் அக்காவியத்தில் வருகிறது. பொதிகையில் ஐயனாரின் பரிவாரமாக நிற்கும் சங்கிலி பூதத்தாரைப் பார்க்கும்போது, புகாரின் பூதம் நினைவுக்கு வராமல் இராது. இன்னோர் உறவும் உண்டு. கமண்டலத்திலிருந்து காவிரியைப் பெருக்கெடுக்க விட்ட அதே அகத்தியர்தாம் பொதிகையில் வந்து அமர்ந்து தாமிரபரணியைத் தந்தவர் என்பது புராணம். இரண்டு ஆறுகளும் ஒரே முனிவரின் பிள்ளைகள். ஒன்றின் கடைமடையில் இருப்பவர் மற்றொன்றின் தலைமடையைக் காணச் செல்வது முறைதானே!

ஆடி அமாவாசை இரண்டு இடங்களுக்கும் பெருநாள். பூம்புகாரில் அன்று விடியுமுன்பே மக்கள் சங்கமத்துறையில் திரண்டு, நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, வெயில் ஏறும் முன் பேருந்து ஏறி விடுகிறார்கள். பொதிகையிலோ அதே நாளுக்காகக் குடும்பங்கள் பாய், பாத்திரம், அரிசி, பருப்புடன் வந்து, ஆற்றங்கரை மரங்களின் அடியில் குடில் போட்டுத் தங்குகின்றன. அகத்தியருக்கு ஐயனார் காட்சி தந்த நாள் ஆடி அமாவாசை என்றும், அப்போது தேவர்கள் முத்துகளைச் சொரிந்ததால் சொரிமுத்து என்ற பெயர் வந்தது என்றும் சொல்வர். தை அமாவாசையும் பங்குனி உத்திரமும் இங்கே சிறப்பு. நெல்லைச் சீமையில் எண்ணற்ற குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். உத்தியோகத்தின் பொருட்டுத் தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கம் வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்களும் இவரை மறப்பதில்லை. யோக மரபில் சாஸ்தாவின் ஆறு தலங்களை ஆறு ஆதாரங்களாகக் கொண்டு, சொரிமுத்து ஐயனார் கோயிலை மூலாதாரமாகவும் சபரிமலையை ஆக்ஞையாகவும் வைத்துப் போற்றுவதும் உண்டு.

கோயிலுக்குப் போகும் வழியே பாதி தரிசனம். டெல்டாக்காரர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கே பாபநாசம் என்பது கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே உள்ள பாபநாசம் அன்று. பொதிகை அடிவாரத்துப் பாபநாசம் நவகைலாயத் தலங்களில் முதலாவது. பாபநாசநாதரும் உலகம்மையும் எழுந்தருளிய ஊர். உலகம்மை சந்நிதிக்கு முன் உள்ள உரலில் பெண்கள் விரலி மஞ்சளை இடித்து அம்பாளுக்குச் சமர்ப்பிக்கும் வழக்கம் பிரசித்தம். அங்கே வணங்கிவிட்டு, வனத்துறையின் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சாலை வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. வலமும் இடமும் ஊர் இல்லை, வயல் இல்லை. நெல் வயலின் விரிந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு, மரங்களுக்கு நடுவே வந்து சேரும் அந்தப் பச்சை இருட்டு சற்று நேரம் பிடிபடாது.

கோயில் பெரியதன்று. கோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். மகாலிங்கர், ஐயனார், சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், தூசி மாடன், பட்டவராயன் எனத் தெய்வங்கள் தனித்தனிச் சந்நிதிகளில் மரங்களுக்கு இடையே நிற்கிறார்கள். ஐயனாருக்குச் சைவப் படையல். பரிவார தெய்வங்களுக்கு அவரவர் குல வழக்கம். சங்கிலி பூதத்தார் அருள் வந்தவர்கள் இரும்புச் சங்கிலியை மார்பில் அடித்துக்கொண்டு ஆடுவது பார்ப்பவரை நடுங்க வைக்கும். நேர்ந்துகொண்டு கட்டிய மணிகளைப் பட்டை வளர்ந்து மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும் மரம் ஒன்று இருக்கிறது. மணி விழுங்கி மரம் என்று அதற்குப் பெயர்.

பட்டவராயன் சந்நிதியில் சற்று நேரம் நிற்காமல் போகக் கூடாது. முத்துப்பட்டன் என்ற அந்தண இளைஞர், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, அதற்காகத் தம் குலத்தை விட்டு, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் மாட்டு மந்தையைக் காவல் காத்தார். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு உயிர் துறந்தார். மனைவியர் இருவரும் அவருடன் தீப்புகுந்தனர். தென்பாண்டி நாட்டின் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் கதை இது. இன்றும் பக்தர்கள் அவருக்குத் தோல் செருப்பு காணிக்கை தருகிறார்கள். மறு ஆண்டு பார்க்கும்போது அவை தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. காட்டில் இரவெல்லாம் அவர் காவல் சுற்றுகிறார் அல்லவா? சாதியின் பெயரால் கோயில் வாசலில் மனிதரை நிறுத்திய காலத்திலேயே, இந்த மலையில் ஒரு சந்நிதியில் செருப்பு கடவுளின் உடைமையாக இருந்தது என்பதைப் பெரியவர்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி, குடிலுக்கு வருவோம். ஆற்றின் ஓரத்தில் நீர்மருத மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. வெளிறிய, வழவழப்பான பட்டையும் பருத்த அடிமரமுமாக அவை நிற்கும் இடத்தில் நண்பகலிலும் வெயில் தரையைத் தொடுவதில்லை. முற்காலத்தில் நான்கு கம்பு நட்டு, மேலே ஓலை வேய்ந்து குடில் போட்டார்கள். தஞ்சைப் பக்கம் கீற்று என்பதை அங்கே கிடுகு என்பார்கள். இப்போது பெரும்பாலும் தார்ப்பாய்தான். இன்ன குடும்பத்துக்கு இன்ன மரத்தடி என்று வழிவழியாக வந்த உரிமை போல ஒன்று உண்டு. எழுத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்துக் குடிலார் அதை மதிப்பார்கள்.

அமாவாசைக்கு முந்திய நாள்களே குடிலின் இனிய நாள்கள். கூட்டம் இன்னும் வந்து சேராத பொழுதுகள் அவை. விடியலில் ஆற்றில் மூழ்கி எழுந்தால் ஆடி மாதச் சாரல் காற்று உடம்பைக் குத்தும். சுக்குமல்லிக் காப்பி, கஞ்சி, துவையல். விரதக்காரர்களுக்கு ஒரு வேளைச் சோறு. பகலில் வேறு வேலை இல்லை. எதிர்க்கரையில் கருமந்திகள் கிளை தாவும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுப்பதே பெரியவர்களின் அலுவல். இரவு விரைவில் வந்துவிடும். தேய்பிறையின் கடைசி நாள்கள் என்பதால் நிலவு கிடையாது. மின்விளக்கு எட்டாத மரத்தடியில் ஆற்றின் ஓசையும் சில்வண்டின் ஓசையும் ஒன்றாகிவிடும். எங்கோ ஒரு மிளா கத்தினால் குடில்களில் பேச்சு நின்றுபோகும். வடநாட்டில் சாம்பார் மான் என்று சொல்வதை நெல்லைக்காரர்கள் மிளா என்பார்கள். அது குரல் கொடுக்கிறது என்றால் பக்கத்தில் சிறுத்தையோ வேறு ஏதோ நடமாடுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் ‘ஐயனே’ என்று வாய் தானாகச் சொல்லும். வீட்டுப் பூசையறையில் ஆயிரம் முறை சொல்லியும் கிடைக்காத ஓர் அழுத்தம் அந்த ஒரு சொல்லுக்கு அப்போது கிடைக்கிறது.

அமாவாசையன்று இந்த அமைதி முற்றிலும் மாறிவிடும். மலைப்பாதை நிறைய மனிதர்கள். தர்ப்பணம், முடி காணிக்கை, பொங்கல், மேளம், அருளாட்டம், பூக்குழி. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய மலைப்பகுதியில் இருந்த கோயில் இது. ஜமீன் ஒழிப்புக்குப் பின்னும், முடிசூட்டிக்கொண்ட கடைசி மன்னராகக் கருதப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் இங்கே கொலு அமர்ந்து காட்சி தந்து வந்தார். அவர் 2020 மே மாதம் காலமானார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை.

பழைய பக்தர்களிடையே ஒரு மனக்குறை கேட்கிறது. முன்பு பத்து நாள், பதினைந்து நாள் குடிலில் இருந்து விரதத்தை முடித்தவர்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் திருவிழாவை ஒட்டிய சில நாள்களுக்கு மட்டுமே தங்க இசைவு கிடைக்கிறது. சொந்த வாகனங்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் மேலே செல்ல வேண்டும் என்று சில ஆண்டுகளில் கட்டுப்பாடு விதித்தார்கள். பிளாஸ்டிக் பைகள், சோப்பு, ஷாம்பு ஆகியவை சாவடியிலேயே நிறுத்தப்படுகின்றன. திருவிழா அல்லாத நாள்களில் இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். ‘குலதெய்வத்தின் வீட்டில் தங்கக் கணக்கு எதற்கு?’ என்று எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது. இன்னும் எத்தனை ஆடி அமாவாசை அவருக்கு?

ஆயினும், காட்டின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். முண்டந்துறையும் களக்காடும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகமாயின; தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. பரப்பு ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. புலி, யானை, கரடி, சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கு ஆகியவற்றின் வீடு இது. காணி மக்களின் ஊர்களும் இதற்குள் உண்டு. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீரும் நெல் வயலும் இந்த ஆற்றை நம்பியவை. பல்லாயிரம் பேர் பல நாள் ஆற்றங்கரையில் தங்கினால் என்ன மிஞ்சும் என்பதைத் திருவிழா முடிந்த மறுநாள் கரையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கீழே பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தால், படித்துறைக்கு எதிரே தண்ணீருக்குள் துணிக் குவியல்கள் சேர்கின்றன. அவற்றை அள்ளி எடுப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது. பாவத்தை நாசம் செய்யும் ஆற்றுக்கு நாம் துணி மூட்டையைக் கொடுப்பது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?

இந்த வழக்கை ஐயனாரிடமே விட்டால் அவர் என்ன சொல்வார்? தஞ்சை மாவட்டத்தின் ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் எல்லையில், குளத்தங்கரையில், மண்குதிரைகள் நிற்க ஐயனார் வீற்றிருக்கிறார். அவர் கோயில் தோப்பில் ஒரு சுள்ளியைக்கூட முறிக்க மாட்டார்கள். நள்ளிரவில் அவர் குதிரை ஏறிக் காவல் வருவார். அந்தப் பாதையில் குறுக்கே படுக்கக் கூடாது என்பது பாட்டிமார் சொல். பகல் மனிதருக்கு, இரவு ஐயனாருக்கு என்ற பாகப்பிரிவினை நம் கிராமங்களில் வனத்துறை தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. முண்டந்துறைக் காட்டிலும் அதே கணக்கைத்தான் இன்று வேறு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாள் குறைந்ததை விடத் தங்கும் உரிமை ஆண்டுக்கு ஒரு முறையாவது நிலைத்திருக்கிறதே என்பது பெரிது. அது நிலைப்பது குடிலில் தங்குபவர்கள் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களுக்குப் போய்க் கூடாரத்தில் தங்கிய படங்களைக் கைப்பேசியில் அனுப்புவதைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். அங்கே தங்கும் இடத்துக்கு எண் உண்டு, முன்பதிவு உண்டு, தங்கும் நாளுக்கு வரம்பு உண்டு. கரடி மோப்பம் பிடித்து வராதிருக்க, உணவை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். மீறினால் அபராதம். கடல் கடந்த காட்டில் இதற்கெல்லாம் மனமுவந்து கட்டுப்படும் பிள்ளைகள், குலதெய்வத்தின் காட்டுக்கு வரும்போது மட்டும் ஊரில் யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணுவது சரியன்று.

பூம்புகார், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து செல்லும் அன்பர்கள், தஞ்சை, திருச்சி, மதுரை வழியாகச் செங்கோட்டை செல்லும் ரயிலில் தென்காசியில் இறங்கி, அங்கிருந்து கடையம் வழியாக அம்பாசமுத்திரத்தை அடையலாம். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் எனப் பேருந்து வசதி நிறைய. முதியோர் அம்பாசமுத்திரத்தில் ஓர் இரவு ஓய்வெடுத்து, காலையில் மலை ஏறுவது நல்லது. புறப்படுமுன் அந்த ஆண்டு எத்தனை நாள் தங்கலாம், எந்த வாகனம் செல்லலாம் என்ற அறிவிப்பைக் கேட்டறிவது இன்றியமையாதது. ஆண்டுக்கு ஆண்டு அது மாறுகிறது.

கொண்டு செல்ல வேண்டியவை குறைவே. இரண்டு மாற்றுத் துணி, தரையின் ஈரம் ஏறாத விரிப்பு, போர்வை, கைவிளக்கு, வழக்கமான மருந்துகள், துணிப்பை, எவர்சில்வர் தட்டும் தம்ளரும். சோப்புக்குப் பதிலாகச் சீயக்காயும் பயத்தமாவும் போதும்; நம் தாய்மார் வேறு எதைக் கண்டார்கள்? குளிக்கும்போது கரையோரத்தை விட்டு நடு ஆற்றுக்குப் போகக் கூடாது. மேலே காரையாறு அணை இருக்கிறது. மலையில் மழை பெய்தாலோ அணையிலிருந்து நீர் திறந்தாலோ ஆறு சொல்லாமல் உயரும். பாறைகள் வழுக்கும். கையில் ஊன்றுகோல் இருப்பது கௌரவக் குறைவு அல்ல. மாலைக்குப் பின் குடிலை விட்டுத் தனியே எங்கும் செல்லலாகாது. மிஞ்சிய சோற்றைக் குடிலுக்கு வெளியே கொட்டினால் காட்டுப்பன்றி வரும்.

கூட்டமும் சாரலும் உடம்புக்கு ஒவ்வாதவர்கள் தை அமாவாசையைத் தேர்ந்துகொள்ளலாம். அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆறு தெளிந்து, பாறை காய்ந்திருக்கும். பகலில் வந்து பகலிலேயே திரும்பும் சாதாரண நாள் தரிசனம் இன்னும் எளிது. உச்சிப் பூசை முடிந்து, கொண்டுவந்த புளியோதரையை மருத நிழலில் அமர்ந்து உண்டு, அதே நிழலில் ஒரு மணி நேரம் கண் அயர்ந்து, வெயில் தாழ்வதற்கு முன் பேருந்துக்கு வந்துவிடலாம்.